பந்து நின்றுபோன இடம்

கழகத்தின் ஆண்டு மலரில், உங்கள் படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது பொய், தலைவர் மாமா. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது. அது பொய்.

எங்கள் அணியின் பந்து ஏன் எதிரணியின் கோல் வரைக்கும் போய்ச் சேரவில்லை என்பதை நீங்கள் நுணுக்கமாக ஆராய்ந்தீர்களாம். ஆராய்ந்து, மூத்த வீரரை ஓய்வெடுக்கச் சொல்லி, இளையவர்களுக்கு வழிவிட்டீர்களாம். அந்தக் கோடைதான் கழகத்தின் திருப்புமுனையாம். திருப்புமுனை என்பது மட்டும் உண்மை. மற்றபடி அந்தக் கோடையில் நீங்கள் ஆராய்ந்தது தேசிக்காயை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆராய்ந்தது என் சித்தி. அவர் ஆராய்ந்த தாள்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. அவற்றில் உள்ள கோடுகளைப் போட்டது என் கை. எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்கும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பாதி விளங்கவில்லை. விளங்காத பாதியையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் எசன் நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைத்தது சிவப்புச் சாம்பல் மைதானம், புல்லுக்குப் பதில் சிவந்த கசடுத் தூள் பரப்பியது. ஜெர்மன் கழகக்காரர் பக்கத்திலேயே புல் மைதானம் போட்டுக்கொண்டு போய்விட்டதால் சாம்பல் எங்களுக்கு மிஞ்சியது. விழுந்தால் முழங்கால் தோல் அங்கேயே தங்கிவிடும். மழை பெய்தால் பெடியன்களின் காலுறைகள் செங்கல் நிறத்தில் வீட்டுக்கு வரும், எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. கோடையில் நான்கு ஞாயிறுகள் அங்கே சுற்றுப்போட்டி நடக்கும். அக்கம்பக்கத்து நகரங்களில் இருந்து தமிழ்க் கழகங்கள் வரும். ஒவ்வொன்றும் ஊரில் விட்டுவந்த ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைச் சட்டையில் போட்டிருக்கும். ஞாயிறுக்கு எங்களுக்கு ஒரு ஆட்டம். நான்கு ஆட்டங்களிலும் தோற்று, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். அதற்கு முந்தைய கோடை முழுவதும் எங்களுக்கு விழுந்தது ஒரேயொரு கோல். அதுவும் எதிரணிக்காரன் ஒருவன் தடுமாறித் தன் கோலுக்குள் தானே அடித்தது. அதற்கும் நீங்கள் எழும்பி நின்று கைதட்டினீர்கள். நான் பார்த்தேன்.

அணிக்குக் கப்டன் என் சித்தப்பா, சித்தியின் கணவர். கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான். அதை மலரில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள், அரை வரியில். அகதி விடுதியில் இருந்த காலத்தில் வேலை செய்யவும் அனுமதித் தாள், நகர எல்லையைத் தாண்டவும் அனுமதித் தாள் என்றிருந்தபோது, தாள் கேட்காத ஒரே வேலை பந்து உதைப்பது என்று கண்டுபிடித்து, எங்கேயோ ஒரு பழைய பந்தைத் தேடிக்கொண்டு வந்தவர். பிறகு எல்லோருக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது, வேலை கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்களையும் வீடுவீடாகப் போய்த் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கினார். பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றால் தாய் தகப்பனோடு தானும் போய் வாத்தியாருக்கு முன்னால் நின்றார். நான் சொல்லும் கோடையில் அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெடியன்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. எல்லோருக்கும் அவர் அண்ணை. மைதானத்துக்கு வெளியிலும் அண்ணை, உள்ளேயும் அண்ணை.

முதல் ஞாயிறு இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். எங்களிடம் பந்து வராமல் இல்லை. எங்கள் பெடியன்கள் நன்றாக ஓடுவார்கள். நடுக்கோட்டைத் தாண்டி, ஓரத்தால் இறங்கி, கோலுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டால் போட்ட பெரிய பெட்டி வரைக்கும் பந்து அழகாகப் போகும். அங்கே போய் நின்றுவிடும். பிறகு எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடுவான். வேலியோரம் நின்ற எதிர்க் கழகத்து ஆள் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்கட பெடியள் கோலைக் கண்டால் கோயில் எண்டு நினைச்சுச் செருப்பைக் கழட்டிப்போட்டெல்லோ நிக்கிறாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறைக்கு முன்னால் பெடியன்களை நிறுத்தி, இந்தக் கோடை முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்து மைதானத்தையும் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக அறிவித்தீர்கள். இனியும் ஊர்ச் சிரிப்பை வாங்க உங்களால் ஏலாது என்றீர்கள். வீட்டுக்குப் போகும் வழியில் சித்தப்பா வானை இரண்டு தரம் தவறான தெருவில் திருப்பினார். அவர் பதினைந்து வருடமாக ஓட்டிய வழி அது.

சித்திக்கு உதைபந்தாட்டம் தெரியாது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை நின்றுபோனால் எங்கே நின்றது என்று பார்ப்பது அவருடைய தொழில். கதவுப் பூட்டு பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. பூட்டுகள் ஓடும் பட்டையில் மேசைக்கு மேசை நகர்ந்து வரும். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் ஒரு துண்டைப் பொருத்துவார். பட்டை எங்கேயாவது நின்றால் அந்த மேசைக்கு நேரே தாளில் ஒரு கோடு. நான்கு கோடு நின்றால் ஐந்தாவது அவற்றின்மேல் குறுக்கே. பெட்டி கட்டும் வேலைக்குத்தான் அவரை எடுத்தார்கள். வந்த மூன்றாம் மாதம், ஜெர்மன் மொழியில் பத்து வசனம்கூடச் சேர்த்துப் பேசத் தெரியாத நிலையில், பட்டை நின்ற இடங்களைத் தன்பாட்டில் ஒரு மட்டைத் துண்டில் கோடு போட்டு வைத்திருந்தார். மேற்பார்வையாளர் அந்த மட்டையைப் பார்த்துவிட்டு அந்த வேலையையே அவருக்குக் கொடுத்துவிட்டார். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்ததில் பாதி அந்த மட்டைத் துண்டில் இருந்தது.

என் அம்மாவுக்கு ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே ஞாயிறு என்றால் நான் சித்தியோடு. சித்தி சாப்பாட்டு மேசையில் நிற்பார். றோல்ஸ், வடை, முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி, பெரிய கானில் தேநீர். அந்த மேசையைக் கோலுக்குப் பின்னால் போடச் சொன்னவர் நீங்கள். ஓரத்தில் போட்டால் விருந்தினருக்கு எண்ணெய் மணம் அடிக்கும் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. நீங்கள் ஓரத்தில் நின்று பெடியன்கள் ஓடுவதைப் பார்த்தீர்கள். சித்தி கோலுக்குப் பின்னால் நின்று பந்து தன்னை நோக்கி வருவதையும், வராமல் போவதையும் பார்த்தார்.

இரண்டாவது ஞாயிறு மேசையில் றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் தொழிற்சாலைத் தாள் ஒன்று இருந்தது. பின்பக்கத்தில் சித்தி அடிமட்டம் வைத்து மைதானத்தின் படத்தைக் கீறி, பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்திருந்தார். எங்கள் காலில் இருந்து பந்து பறிபோகும் ஒவ்வொரு தரமும் எந்தக் கட்டம் என்று அவர் சொல்வார், நான் அங்கே ஒரு கோடு போடவேண்டும். அவருக்கு இரண்டு கையும் எண்ணெய். நான் முதல் கோட்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் பந்தை இழந்தவரின் பெயரையும் எழுதப் போனேன். சித்தி என் கையைப் பிடித்தார்.

"ஆர் எண்டு எழுதாதை பிள்ளை. எங்க எண்டு மட்டும் போடு."

ஏன் என்று கேட்டேன். பெயரை எழுதினால் ஆட்கள் கோடு போடுகிறவளைப் பார்த்து வேலை செய்வார்கள், வேலையைப் பார்த்துச் செய்யமாட்டார்கள் என்றார். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதவில்லை.

இப்போது தேசிக்காய்க்கு வருவோம். அந்த ஆட்டம் தொடங்க முன்னர் நீங்கள் வீட்டில் இருந்து ஒரு பை நிறையத் தேசிக்காய் கொண்டுவந்தீர்கள். எங்கள் பெடியன்கள் அடிக்கவேண்டிய கோலின் இரண்டு கம்பங்களுக்கும் அடியில் வெட்டி, குங்குமம் பூசி, கண்ணூறு கழித்து, அத்தனையையும் அங்கேயே முடித்தீர்கள். மைதானக் கதவின் திறப்பு வைத்திருந்த ஜெர்மன் கிழவர் நாயோடு வந்து, கோட்டில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்து, இரத்தமா என்று என்னிடம் கேட்டார். தேசிக்காய் என்றேன். எதற்கு என்றார். கோல் விழுவதற்கு என்றேன். அவர் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தங்கள் அணியும் போன வருடம் இதைச் செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். இரண்டாவது பாதியில் அந்தக் கோலைக் காத்தவர்கள் நாங்கள். நீங்கள் கண்ணூறு கழித்த கோலுக்குள் மூன்று பந்து விழுந்தது. பலன் இல்லை என்று சொல்ல ஏலாது.

சித்தி மறக்கவில்லை. இடைவேளை ஊதியதும் தேநீர்க் கானைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி மற்றக் கோலுக்குப் பின்னால் போனார். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தேநீர் விற்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தீர்கள். நான் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

புதன்கிழமைப் பயிற்சியிலும் இன்னும் சில தாள்கள் நிரம்பின. சனிக்கிழமை மத்தியானம் சித்தி எல்லாத் தாள்களையும் வரவேற்பறைத் தரையில் பரப்பினார். சித்தப்பா பல்கனியில் இருந்தபடி சப்பாத்துகளை ஒன்றோடொன்று அடித்து, காய்ந்த சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. தாள்களைப் பார்த்தால் குருடருக்கும் தெரியும். பன்னிரண்டு கட்டங்களில் பதினொன்றில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோடுகள். ஒன்றில் மட்டும் கம்பி வேலி மாதிரி நெருக்கமாக. பெரிய பெட்டியின் வாசல், நடுவில். நான் கணக்கில் கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் தெரியவேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. சத்தமாகச் சொன்னேன்.

"சித்தி, இது சித்தப்பா நிக்கிற இடமெல்லோ."

பல்கனியில் சப்பாத்துச் சத்தம் நின்றது.

சித்தி என்னைப் பார்க்காமல், நிற்பது யார் என்று தான் கேட்கவில்லையே என்றார். பிறகு தாள்களை அடுக்கத் தொடங்கினார். அதற்குள் சித்தப்பா வெறுங்காலோடு வந்து தரையில் குந்திவிட்டார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, "நீர் எப்ப கண்டனீர்?" என்று கேட்டார்.

"போன ஞாயிறு. முதல் பாதியிலயே."

எனக்குக் கோபம் வந்தது. போன ஞாயிறே தெரியுமென்றால் என்னை ஏன் புதன்கிழமை முழுக்கக் கோடு போடவைத்தார்? அன்றைக்குப் பெய்த மழைக் குளிரில் என் விரல் விறைத்துப்போனது அவருக்குத் தெரியாதா? அந்தக் கோடுகள் வேறு ஏதாவது ஒரு கட்டத்துக்கு நகர்ந்துவிடாதா என்று ஒரு மனுசி மூன்று நாள் காத்திருந்திருக்கிறார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நான் பந்தைக் கேட்டனானோ?" என்றார் சித்தப்பா.

"இல்லை. நீங்கள் கேக்காமலே தாறாங்கள். அவனவனுக்கு முன்னால வெளி கிடக்கு, அடிக்கலாம். அடிக்காமல் நிண்டு உங்களைத் தேடுறாங்கள்."

"ஏன்?"

"அண்ணை நிக்கேக்க தாங்கள் எப்பிடி அடிக்கிறது எண்டு."

அதுதான். ஒரு வரியில் அவ்வளவுதான், தலைவர் மாமா. உங்கள் நுணுக்கமான ஆராய்ச்சியில் இந்த வரி இல்லை. அந்தப் பெடியன்களுக்கு யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சபையில் பெரியவர் இருக்கும்போது முதலில் சாப்பிடக் கை வைக்காத பிள்ளைகள் அவர்கள். கோலுக்கு முன்னாலும் கை வைக்கவில்லை. பந்தை அண்ணையிடம் கொடுத்தால் அவர் அதைக் காலால் அமத்தி, தலை நிமிர்ந்து பார்ப்பார். அவர் விளையாடிப் பழகிய காலத்துப் பழக்கம் அது. அந்த இரண்டு மூச்சு நேரத்துக்குள் எதிரணி முழுவதும் திரும்பி வந்துவிடும். அவர் பார்ப்பதை மற்ற ஒன்பது பேரும் நின்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சித்தி அவரிடம் தன் வேலையிடத்து விசயம் ஒன்றைச் சொன்னார். ஒரு மேசையில் எப்போதும் பட்டை நின்றால் அந்த மேசையில் இருப்பவர் கெட்ட வேலைக்காரர் என்று அர்த்தமில்லையாம். அநேகமாக அவர்தான் நல்ல வேலைக்காரராக இருப்பாராம். அதனால்தான் எல்லோரும் எல்லாவற்றையும் அவருக்கே தள்ளுகிறார்களாம்.

"அப்ப மேசையை எடுக்கவேணும்," என்றார் சித்தப்பா.

"மேசையை எடுக்கச் சொல்லேல்லை. தள்ளுறவங்களுக்குச் சொல்லுங்கோ."

மூன்றாவது ஞாயிறு அவர் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னர் பெடியன்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு ஒருவரும் தனக்குப் பந்து தரக்கூடாது, நேரே அடியுங்கள் என்றார். பெடியன்கள் தலையாட்டினார்கள். இடது பக்கம் ஓடும் பெடியன், எங்கள் அணியிலேயே வேகமானவன், சிரித்துக்கொண்டு, "அண்ணை சும்மா பகிடிக்குச் சொல்லுறார்," என்றான். அண்ணை தங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள் போல. அன்றைக்கு முந்திய இரண்டு ஞாயிறுகளையும்விட அதிகமாக அவருக்குப் பந்து கொடுத்தார்கள். ஒருவன் வெறும் கோலுக்கு முன்னால் இருந்து பத்து மீற்றர் பின்னால் திருப்பி அனுப்பினான். என் தாளில் அந்தக் கட்டத்தில் கோடு போட இடம் இல்லாமல் ஓரத்தில் போட்டேன். ஒன்றுக்குப் பூச்சியம். தோல்வி.

நான்காவது ஞாயிறு காலை சித்தி சித்தப்பாவின் இடது முழங்காலில் ஒரு பட்டி சுற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நடந்தது என்று கேட்டதற்கு முழங்கால் பிசகிவிட்டது என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். மைதானத்தில் அவர் வானில் இருந்து நொண்டிக்கொண்டு இறங்கினார்.

இந்த இடத்தில் உங்கள் மலரைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஓய்வெடுக்கச் சொன்னீர்களாம். நீங்கள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "நொண்டியாவது நில்லுங்கோ அண்ணை, நீங்கள் இல்லாட்டி இவங்களால ஏலாது," என்று கெஞ்சினீர்கள். நான் இரண்டடி தூரத்தில் றோல்ஸ் பெட்டியோடு நின்றேன். உங்கள் கண் கலங்கியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், உங்களுக்கும் அந்த அணி மேல் ஆசை இருந்தது. ஆனால் ஆசை இருந்தது என்பதற்காக நீங்கள் செய்யாததைச் செய்ததாக எழுதலாமா?

சித்தப்பா கோலுக்குப் பின்னால் வந்து சித்தியின் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இடது பக்கப் பெடியன் எல்லோரையும் தாண்டிப் பெட்டிக்குள் வந்துவிட்டான். அவனுக்கு முன்னால் கோல்காப்பாளர் மட்டும். அவன் தலையை நிமிர்த்தினான். கோலின் வலைக்கு ஊடாகச் சித்தப்பாவைக் கண்டான். கண்டதும் நின்றுவிட்டான். உண்மையாகவே நின்றான், கேட்டுவிட்டு அடிக்கலாம் என்பதுபோல. பந்து போய்விட்டது.

சித்தி கரண்டியைக் கீழே வைத்தார். "கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருங்கோ," என்றார்.

"என்ன?"

"உங்களைப் பாக்கிறாங்கள். திரும்பி இருங்கோ."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். பிறகு எழும்பிக் கதிரையைத் திருப்பிப்போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தேநீர்க் கானை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பாதியில் மற்றக் கோலுக்குப் பின்னால் போனபோதும் கானைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, புல்பற்றையைப் பார்த்தபடி அதேபோல் இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அணியின் கடைசி ஆட்டமாக இருக்கலாம், கப்டன் கோபித்துக்கொண்டு திரும்பி இருக்கிறாரே என்று நினைத்தேன். போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. சித்தியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க?"

"நடுக்கோடு."

"இப்ப?"

"இடப்பக்கம். கீழ வருது."

யாரிடம் பந்து என்று அவர் ஒரு தரமும் கேட்கவில்லை. சித்தியும் சொல்லவில்லை.

"இப்ப?"

"பெட்டி," என்றார் சித்தி. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா தலையைத் திருப்பினார், மைதானத்தின் பக்கம் அல்ல, சித்தியின் முகத்தின் பக்கம். அவர் உண்டாக்கிய அணி அந்தச் சுற்றுப்போட்டியில் அடித்த ஒரே கோலை அவர் சித்தியின் முகத்தில்தான் பார்த்தார். என்ன முகம் அது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் அந்த நேரம் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது சித்தி எண்ணெய்க் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஒன்றுக்குப் பூச்சியம். வென்றோம். எல்லோரும் உங்களைத் தோளில் தூக்கினார்கள். கோல் அடித்த பெடியன் மட்டும் எங்கள் பக்கம் ஓடிவந்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "அண்ணை, உங்களுக்குக் கால் ஏலாமல் போனபடியால்தான் நான் அடிக்கவேண்டி வந்தது. கோவிக்காதைங்கோ."

"கோவம்தான்," என்றார் சித்தப்பா. "இன்னும் ரெண்டு அடிச்சிருக்கலாம்."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். சித்தி வீடு நான்காம் மாடி, மின்தூக்கி இல்லை. சித்தப்பா வெறும் கானைத் தோளில் வைத்துக்கொண்டு படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி ஏறினார். நான் பின்னால் இருந்து, "சித்தப்பா, உங்கட கால்!" என்றேன். அவர் நின்றார். சித்தி என் வாயைப் பொத்தினார். உள்ளே போனதும், இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றார். சத்தியம் வாங்கவில்லை. சொல்லக்கூடாது என்றார், அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். தோற்றுவிடுவோம் என்று பயந்து சித்தப்பா கால் வலி என்று பொய் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்தேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அந்த நினைப்போடு பல வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டேன், அவர் வானில் பள்ளிக்கூடம் போனேன். கோடுகள் போட்டவளே நான், எனக்கே தெரியவில்லை. தராதே என்று சொன்னால் அந்தப் பெடியன்கள் கேட்கமாட்டார்கள், தான் இல்லாமல் போனால்தான் அடிப்பார்கள், அதையும் தன்னை விலக்கினார்கள் என்று அவர்களுக்குக் குற்ற உணர்வு வராமல் செய்யவேண்டும் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டமும் விளையாடவில்லை. அடுத்த கோடை வரைக்கும் மைதானத்தில் நொண்டினார். நீங்கள் ஊரில் இருந்து எண்ணெய் எடுப்பித்துக் கொடுத்தீர்கள். அதையும் வாங்கிப் பூசினார்.

சித்தியைப் பற்றியும் எனக்கு அப்போது விளங்கவில்லை. இவ்வளவு பெரிய விசயத்தைக் கண்டுபிடித்தவர் ஏன் மேசையில் ஏறி நின்று சொல்லவில்லை என்று ஆத்திரப்பட்டேன். தான்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னால் எதைக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் தாளில் எழுதாமல் விட்ட அந்தப் பெயரை வாயால் சொல்லவேண்டி வரும். ஆகவே தன் பெயரையும் சொல்லாமல் விட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு பேசாமல் இருந்த இடத்தில், தலைவர் மாமா, நீங்கள் வந்து உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறீர்கள்.

மலர் வந்த அன்று நான்தான் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். சித்தி சிரித்தார். விடு பிள்ளை, அந்த மனுசனுக்கும் வயது போகுது என்றார். சித்தப்பா சிரிக்கவில்லை. எழும்பி உள்ளே போய், அலுமாரிக்கு மேலே இருந்த பழைய சப்பாத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே அந்தத் தாள்கள். இத்தனை வருடமும் அவற்றை வைத்திருந்தவர் சித்தி இல்லை, அவர்.

"எழுது," என்றார் என்னிடம். "அந்தக் கட்டத்தில நிண்டது ஆர் எண்டும் எழுது. எனக்கு ஒரு வெக்கமும் இல்லை."

எழுதிவிட்டேன். நின்றவர் என் சித்தப்பா. விலகியவரும் அவர்தான், நீங்கள் விலக்கவில்லை.

வருகிற மாதம் ஆண்டு விழா. மண்டபத்தில் எல்லாக் கழகக்காரரும் இருப்பார்கள். கோல் அடித்த பெடியன் தன் பிள்ளைகளோடு வருவான். மேடையில் வழக்கம்போல் மைக் உங்கள் கையில் இருக்கும். முதல் வரிசையில் சித்தி இருப்பார், வரமாட்டேன் என்றால் நான் இழுத்துக்கொண்டு வருவேன். தாள்களை மண்டப வாசலில் ஒட்டிவைக்கிறேன், பார்த்துவிட்டு மேடை ஏறுங்கள். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்துச் சமாளிக்கவேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். பந்து எங்கே நின்றது என்று சித்தி அன்றைக்கே எழுதிவிட்டார். அதைக் கண்டுபிடித்தது யார் என்று, எல்லோருக்கும் முன்னால், அந்த மைக்கில், நீங்கள் சொல்லுங்கள்.